மீராவின் காது டாக்டருக்கு நீ கேட்ட விவரம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டது சின்ன விசயம். "அம்மா, வாற செவ்வாய்க்கிழமை மீராவைக் காது டாக்டரிட்டக் கொண்டுபோறன். குடும்பத்தில ஆருக்கும் காது வருத்தம் இருந்ததோ எண்டு படிவத்தில கேட்டிருக்கு. எனக்குச் சின்னனில எப்பிடித் தொடங்கினது, டாக்டர் என்ன சொன்னவர், எல்லாத்தையும் ஒருக்கா எழுதி அனுப்புங்கோ" என்றாய். "ஓம், எழுதி அனுப்புறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பருப்பு இருந்தது. அது கருகி மணம் வந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினேன். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "என்னப்பா, தீயணைப்புக்காரரைக் கூப்பிடவோ" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்து, இன்றைக்குத்தான் ஒரு முடிவோடு கொப்பியை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எழுதி முடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி. வாசித்த பிறகு மேட்டெக்கும் டேனிஷில் சொல்லு. உன் மனைவிக்குத் தெரியாமல் இருக்கவேண்டிய விசயம் இல்லை இது.

நீ கேட்ட விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிவளைத்து எங்கேயோ போய்விடுவேன். உனக்குக் காது வருத்தம் இல்லை. இருந்ததும் இல்லை. ஐந்து வயதில் ஒருமுறை வலது காதில் சீழ் பிடித்தது. ஒரு கிழமை மருந்து குடித்தாய், சுகமாகிவிட்டது. அது எந்தப் பிள்ளைக்கும் வருவது. தண்ணீர் போனால் உன் காது செவிடாகிவிடும் என்று நான் சொன்னதெல்லாம் பொய். இருபத்தைந்து வருடமாக, குளிக்கப் போகும்போதெல்லாம் வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதுக்குள் அடைத்துக்கொண்டு போகிறாயே, அது வெறும் என் பொய்க்காகத்தான். இப்போது அந்தப் பஞ்சு உன் மகளின் காதுக்கும் வந்துவிட்டது. உன் கோபத்துக்குப் பயந்துதான் இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போதும் பயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் ஏழு வயது. அவளும் இருபத்தைந்து வருடம் பஞ்சோடு திரியவேண்டாம்.

இதை நான் உகண்டாவிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல நல்ல நேரமும் வந்தது, நல்ல இடமும் வந்தது. என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீயும் மேட்டெயும் பயணச்சீட்டை உறையில் வைத்துத் தந்தபோது நான் சந்தோசப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். மேட்டெ படிக்கிற காலத்தில் அங்கே ஆறு மாதம் இருந்தவள். எரிமலை வெடித்த குழிகளில் மழைத் தண்ணீர் நிரம்பி ஏரியாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், அதை நீங்கள் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று இரண்டு கையையும் விரித்துச் சொன்னாள். என் தலைக்குள் போனது எரிமலை, தண்ணீர் என்ற இரண்டு சொற்கள்தான். அப்பாவோ முழங்கால் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமை. "நீர் போயிட்டு வாரும். இந்த முழங்கால் எனக்கு இப்பதான் ஒரு உதவி செய்திருக்கு" என்று சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். நான் இரண்டு கிலோ வறுத்த புட்டுமாவும் மிளகாய்த்தூளும் பெட்டியில் வைத்தேன். "அம்மா, அங்கயும் மனுசர் சாப்பிடுகினம்" என்று நீ ஏசினாய். பிறகு என்ன நடந்தது? விடுதிச் சமையலறையில் துணி கட்டி அவித்த புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து முதலில் ஒரு கோப்பை காலி செய்தவன் நீதான். இரண்டாவது ஆள் நம் வாகனமோட்டி மோசஸ். அந்த மனிதர் என்னை "மாமா" என்று கூப்பிடக் கூப்பிட, மீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஊரில் அம்மாவுக்கு அதுதான் சொல்லாம்.

காட்டு மிருகங்கள் திரியும் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் போன முதல் நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாதை ஒரு குழியின் விளிம்பில் ஏறி அடுத்த குழியின் விளிம்பில் இறங்கியது. இடது பக்கம் பார்த்தால் ஒரு பள்ளம் முழுக்கப் புல்லு, அதற்குள் எருமைகள் எறும்பு போலத் தெரிந்தன. வலது பக்கம் பார்த்தால் இன்னொரு பள்ளத்தில் காடு. அதற்கு அடுத்ததில் தண்ணீர். ஒரு ஏரி பாசிப்பச்சை, அதற்குப் பக்கத்திலேயே ஒன்று கறுப்பு. ஒரு இடத்தில் அவிந்த முட்டை மணம் வந்து எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அந்த ஏரியில் எந்த மிருகமும் தண்ணீர் குடிக்காது, சேற்றில் புரள மட்டும்தான் வரும் என்றார் மோசஸ். ஆறு எதுவும் வந்து விழுவதும் இல்லை, எதுவும் வெளியே போவதும் இல்லையாம். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்கிறது. அடியில் இன்னும் நெருப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "நித்திரை கொள்கிறது, மாமா. நாங்கள் சத்தம் போடாமல் போவோம்" என்றார். நீ அவரைக் கேள்வியால் துளைத்தெடுத்தாய். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எத்தனை ஆயிரம் வருடம். எதையும் அளந்து பார்க்காவிட்டால் உனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த விளிம்பில் காற்று முகத்தில் அடிக்க உன் பக்கத்தில் நின்றபோது, இவ்வளவு தூரம் என்னைக் கூட்டிவந்து காட்ட ஒரு மகன் இருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோசம் மூன்று நாள் இருந்தது.

நாலாம் நாள்தான் பூங்காவின் எல்லையோரம் இருக்கும் அந்த ஏரிக்குப் போனோம். அதன் பெயர் எத்தனை தரம் சொல்லித் தந்தும் என் வாய்க்குள் நுழையவில்லை. முதலையும் இல்லை, நீர்யானையும் இல்லை, குளிக்கலாம் என்று மோசஸ் சொன்னார். மண்ணில் வெட்டிய படிகளில் கீழே கீழே இறங்கினோம். சுற்றிவரக் காடு, மரங்களில் கறுப்பு வெள்ளைக் குரங்குகள், நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். சின்ன மரப்பாலம் ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. கைக்குழந்தையிலேயே மேட்டெ நீச்சல் பழக்கிய பிள்ளை அல்லவா, மீரா அதன் முனைக்கு ஓடிப்போய்த் தொப்பென்று குதித்தாள். அவள் தலை மேலே வரும்வரை நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். மேட்டெயும் குதித்து அவளோடு நீந்தினாள். நீ மட்டும் காற்சட்டையோடும் சட்டையோடும் பாலத்தில் நின்று, போனில் நேரம் எடுத்துக்கொண்டு இருந்தாய். தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்ற ஒரு மரக்கிளை வரை போய்வர மீராவுக்கு எத்தனை விநாடி என்று. "ஃபார், கொம்!" என்று அவள் தண்ணீருக்குள் இருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள், அப்பா வா என்று. மூன்று தரம் கூப்பிட்டாள். வர ஏலாது, காது சரியில்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டு நீ என் பக்கம் திரும்பிச் சிரித்தாய். "அம்மா, நினைவிருக்கோ, முழுக முந்தி ஒவ்வொரு நாளும் பஞ்சு வைச்சு விடுவியள். நீங்கள் அவ்வளவு கவனமாப் பாத்திருக்காட்டி, எனக்கு இண்டைக்கு இந்தக் குருவிச் சத்தம் ஒண்டும் கேட்டிராது" என்றாய்.

எனக்கு நன்றி சொன்னாய், தம்பி. நீ ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நேரத்தில் "இல்லை ராசா, நீ குதி" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கொப்பி தேவைப்பட்டிராது. நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரங்கைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து குந்திய மோசஸ், மகனுக்கு நீந்தப் பிடிக்காதா என்று மெல்லக் கேட்டார். "காதில் வருத்தம்" என்றேன். பிறந்த ஊரும் இல்லாமல், வாழ்கிற ஊரும் இல்லாமல், மூன்றாவது ஊர் ஒன்றுக்குப் போயும் அதே பொய்யை அறியாத மனிதர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

இனி அந்தப் பொய் பிறந்த கதை. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு இரண்டு வயது. அப்பா அதற்கு முன்பே டென்மார்க் வந்துவிட்டார். அப்போது சண்டையால் தரைப்பாதை மூடிக்கிடந்தது, கிளாலிக் கடனீரேரியைப் படகில்தான் தாண்டவேண்டும். சனம் கூடிப்போய், நடுவழியில் படகு ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. என் கையில் இருந்து நீ வழுக்கிப் போய்விட்டாய். ஒரு மூச்சு நேரம் நீ தண்ணீருக்குள் இருந்தாய். பின்னால் இருந்த யாரோ ஒருவர் உன் சட்டையைப் பிடித்துத் தூக்கி என் மடியில் போட்டார். அவர் முகம் எனக்குத் தெரியாது. நீ இருமி இருமி அழுதாய், பிறகு என் தோளில் நித்திரையாகிவிட்டாய். உனக்கு இது எதுவும் தெரியாது, நான் சொன்னதே இல்லை. என்னத்தைச் சொல்ல? என் கை விட்டுவிட்டது என்றா?

அதன் பிறகு எட்டு வருடம் கழித்து, இங்கே ஹொல்ஸ்டெப்ரோவில் நீ நாலாம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமைகளில் நீச்சல், துவாயும் சவர்க்காரமும் கொண்டுவரவேண்டும், எல்லோரும் உடுப்பைக் கழற்றிவிட்டு ஒன்றாகக் குளித்த பிறகுதான் தடாகத்தில் இறங்கலாம் என்று. வாசித்துச் சொன்னவ கமலா அக்கா. எங்கள் தெருவில் முதல் வந்து டேனிஷ் எழுதப் படித்தவ அவதான். உடுப்பில்லாமல் பிள்ளைகள் ஒன்றாக நின்று குளிப்பதா என்று தமிழ்த் தாய்மார் எல்லோருக்கும் தலை சுற்றியது. ஒருவர் பின் ஒருவராகக் கமலா அக்காவின் குசினிக்குப் போனோம், வராததற்குக் காரணம் எழுதித் தரச்சொல்லி. என் முறை வந்தபோது பேனையை வைத்துக்கொண்டு, "என்ன வருத்தம் போடுறது பிள்ளை? காய்ச்சல் நாலு பேருக்குப் போட்டாச்சு. வயித்துக்குத்து ரூபன்ரை தாய் எடுத்திட்டா" என்று கேட்டா. "காதைப் போடுங்கோ அக்கா. முந்தி ஒருக்கா வந்ததுதானே" என்றேன். அந்த வருடம் எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமைகளில் மட்டும்தான் வருத்தம் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மற்றத் தாய்மார் ஒரு மாதத்தில் களைத்துப்போய்ப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். அவர்களுக்கு இருந்தது வெட்கம் மட்டும். எனக்கு வெட்கத்துக்குக் கீழே அந்தப் படகு இருந்தது.

உன் வகுப்பாசிரியை பிர்கிட் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும், இரண்டு வடை சாப்பிட்டு மூன்றாவதைக் கைத்துடைப்பானில் சுற்றிக்கொண்டு போன மனுசி. நல்ல மனுசி. உன் காதை ஒரு டாக்டரிடம் காட்டுவோமா, காதுக்கு அடைப்பான் வைத்து நீந்தப் பழக்குவோமா என்று கேட்கத்தான் வந்தவ. எனக்கு அவ்வளவு டேனிஷ் பேச வராது, நீதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாய். நீயோ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அவ வருவதற்கு முதல் நாள் உன்னைக் கட்டிலில் இருத்தி, "உன்ர காது சரியில்லை அப்பன். தண்ணி போனா உனக்கு ஒண்டும் கேக்காமப் போயிடும். ஊரில பெரிய டாக்டர் சொன்னவர்" என்று சொன்னேன். நீ இரண்டு காதையும் கையால் தொட்டுப் பார்த்தாய். அடுத்த நாள் அதையே பிர்கிட்டுக்கு அழகான டேனிஷில் சொன்னாய். உன் வாயாலேயே உன்னைப் பற்றிய பொய்யைச் சொல்ல வைத்தேன். ஆசிரியைக்குச் சொன்ன பொய் எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை, தம்பி. நீ காதைத் தொட்டுப் பார்த்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்பாவுக்குத் தெரியும். ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "பெடியனைப் பழக விடும். இந்தத் தண்ணி சூழ்ந்த நாட்டில நீந்தத் தெரியாட்டி எப்பிடி" என்றார். "உங்களுக்கென்ன, நீங்கள் பிளேனில வந்தனீங்கள்" என்று சொன்னேன். அதோடு அவர் வாயை அடைத்துவிட்டேன். அந்தப் படகில் அவர் இல்லை என்பதை வைத்து அந்த மனிதரை நான் எத்தனையோ விசயத்தில் மடக்கியிருக்கிறேன். அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

நீ அந்த வருடம் முழுக்கப் புதன்கிழமைகளில் தடாகத்தின் ஓரத்து மர வாங்கில் உடுப்போடு குந்தியிருந்தாய். மற்றப் பிள்ளைகள் தங்கள் கைக்கடிகாரங்களைக் கழற்றி உன்னிடம் தந்துவிட்டுக் குதிப்பார்களாம். இரண்டு கையிலும் முழங்கை வரை கடிகாரம் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று வந்து சொல்லிச் சிரிப்பாய். பிறகு பிர்கிட் உன்னிடம் நேரம் எடுக்கிற கருவியைத் தந்தா. யார் எத்தனை விநாடி என்று நீதான் எழுதுவாய். நீ பெருமையாகச் சொல்வாய், நானும் பெருமையாகக் கேட்பேன். ஏரிக் கரையில் நீ போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு முப்பத்தைந்து வயது ஆள் தெரியவில்லை. அந்த வாங்கில் இருந்த பெடியன்தான் தெரிந்தான்.

சொல்லித் திருத்த எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது நான் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனேன். பதினெட்டு வருடம் வீடு வீடாகப் போய் டேனிஷ் கிழவர், கிழவிகளை உடுப்புக் கழற்றிக் குளிக்க வார்த்தவள் நான். உடம்பு உடம்புதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று முதல் மூன்று மாதத்திலேயே விளங்கிவிட்டது. வெட்கம் என்ற சாட்டு அன்றைக்கே செத்துப்போயிற்று. அப்போதும் நான் உன்னிடம் வந்து சொல்லவில்லை. பதினெட்டு வயதில், இந்த நாட்டு வழக்கப்படி, உன்னை இராணுவத் தெரிவுக்குக் கூப்பிட்டுச் சோதித்தபோது, நீ வீட்டுக்கு வந்து, "அம்மா, டாக்டர் ரெண்டு காதையும் வடிவாப் பாத்தவர். ஒண்டும் இல்லையாம்" என்றாய். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் கறியைக் கிண்டிக்கொண்டு, "உள்ளுக்க இருக்கிறது வெளியில தெரியாது" என்று சொன்னேன். அந்த வெளிச்சம் போவதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் என்று தெரிந்தால் நீ என்னை நம்பமாட்டாய் என்ற பயம். முதலில் தண்ணீருக்குப் பயந்தேன். பிறகு உனக்கே பயந்தேன்.

மறுபடியும் ஏரிக்கு வருகிறேன், முக்கியமான விசயம் அங்கேதான் நடந்தது. அடுத்த நாள் காலையும் நாங்கள் அங்கே போனோம். மீரா தண்ணீரில் இறங்கவில்லை. உன் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, தனக்கும் ஃபாரைப் போலக் காது சரியில்லை என்றாள். பிறகு என்னிடம் வந்து, டேனிஷில் இல்லை, தமிழில், "அப்பம்மா, பஞ்சு" என்று கையை நீட்டினாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது, உன்னிடம் கேட்டுப் பழகியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைத் திறந்து, பஞ்சைப் பிய்த்து, உருட்டி, அந்தச் சின்னக் காதுகளில் வைத்துவிட்டேன். என் கை தன் பாட்டில் செய்தது. வைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நீயும் மகளும் தோளோடு தோள் உரச அந்தப் பாலத்தில் இருந்தீர்கள். மேட்டெ தனியாக நீந்தினாள். நீ நினைக்கிற மாதிரி மீராவுக்குக் காது நோகவில்லை, தம்பி. உன் பக்கத்தில் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டென்மார்க் திரும்பி வந்தும் மீரா நீச்சல் வகுப்புக்குப் போகவில்லை என்று மேட்டெ சொன்னபோது என் மனம் குறுகுறுத்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கடைசியாக ஒன்று சொன்னாய். "டாக்டர் ஒண்டும் இல்லை எண்டு சொன்னாலும் நான் அவளைத் தண்ணிக்குள்ள விடமாட்டன் அம்மா. உள்ளுக்க இருக்கிறது வெளியில தெரியாதுதானே." அது என் வசனம். என் குசினியில் நான் சொன்ன வசனம், சொல்லுக்குச் சொல் அப்படியே உன் வாயில் இருந்து வந்தது. அன்றைக்குப் பருப்பு ஏன் கருகியது என்று இப்போது உனக்கு விளங்கும்.

நேற்றுப் புதன்கிழமை, நீச்சல் தடாகத்துக்குப் போனேன். இந்த ஊரில் முப்பத்துமூன்று வருடம் இருக்கிறேன், அந்த வாசலைத் தாண்டியது இதுதான் முதல் தரம். சப்பாத்துக்கு மேலே நீலநிற உறை மாட்டிக்கொண்டு, ஓரத்து வாங்கில் போய் இருந்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் குதிப்பதும் கத்துவதுமாக இருந்தார்கள். வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டியது, வாங்கு இடுப்பை நோகவைத்தது. ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று உயிர்காப்பாளர் பெண் வந்து அன்பாகக் கேட்டாள். என் மகனை என்றேன். எந்தப் பிள்ளை என்று தண்ணீரைப் பார்த்தாள். அவன் இப்போது ஓல்போர்க் நகரத்தில் என்ஜினியர் என்று சொன்னேன். பாவம், அந்தப் பெண் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, போகும்வரை என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்சம் அழுதேன். அங்கே எல்லோர் முகமும் நனைந்துதான் இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. ஆனாலும் பெற்றவள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வைத்திருப்பவனுக்குப் பயம் வரத்தான் செய்யும், அதை ஒருவராலும் தடுக்க முடியாது. பயம் வந்தால், "எனக்குப் பயமா இருக்கு" என்று மீராவுக்குச் சொல்லு. அது உன் பயம் என்று அவளுக்குத் தெரியும், வளர வளர அவள் அதைத் தாண்டிப் போவாள். "உனக்கு வருத்தம்" என்று மட்டும் சொல்லாதே. அதை அவள் தன் உடம்பில் வைத்துக்கொண்டு திரிவாள். நான் அன்றைக்குக் கட்டிலில் உன்னை இருத்தி, படகின் கதையைச் சொல்லி, அம்மாவுக்குப் பயம் என்று சொல்லியிருந்தால், நீ என்னைச் சமாதானப்படுத்திவிட்டு நீந்தப் போயிருப்பாய். நீ அப்படியான பிள்ளைதான்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தாலும் இரு, நான் தொடர்ந்து போன் அடித்துக் கரைச்சல் தரமாட்டேன். நீ சொன்ன அந்த நன்றியை மட்டும் நான் வைத்திருக்க முடியாது. அது எனக்குரியது இல்லை. இந்தப் பக்கங்களை அப்பா வாசித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லுறீரே" என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்தப் படகில நான் இருந்திருக்கவேணும்" என்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அதைச் சொன்னது இதுதான் முதல் தரம்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போவதை நிறுத்தாதே. போய், மீராவைப் பார்த்து முடிந்ததும், உன் காதையும் பார்க்கச் சொல்லு. அந்தக் கதிரையில் நீ இருக்கும்போது அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்வார். இந்தத் தரம் அதை நம்பு. படிவத்தில், குடும்பத்தில் காது நோய் உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில் இல்லை என்று எழுது. கடைசியில், வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று வெறுமையாக ஒரு கட்டம் இருக்கும், எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதில் இப்படி எழுது: அப்பம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

அம்மா